சரிவில் வீடு, கீழே ஏரி: மழைத் தண்ணீரோடு எப்படி வாழ்வது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

நவம்பர் மாசம், ராத்திரி பதினொரு மணி. கொடைக்கானல்ல இருந்து சித்தி. "டேய், பின்னாடி சுவர் சாஞ்சிருச்சுடா. சித்தப்பா டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தாரு. வந்ததுல இருந்து ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு."

சித்தப்பா ரிட்டையர் ஆன பணத்தில் வாங்கின வீடு அது. ஏரிக்கு மேலே ஒரு சரிவில் இருக்கு. முன்பக்கம் ரோடு, பின்பக்கம் தோட்டம், தோட்டம் அப்படியே இறங்கி ஏரிப் பக்கம் போகும். வீடு வாங்கின அடுத்த வருஷமே, மண் இறங்குற மாதிரி இருக்குன்னு தோட்டத்துக்குக் கீழே ரெண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் கட்டினாங்க. அதுக்கு அவங்க போட்ட பணம் கொஞ்சநஞ்சம் இல்ல. மூணாவது மழைக்காலத்தில் அது வெளிப்பக்கமா சாஞ்சு நின்னுச்சு.

எங்க குடும்பம் மொத்தமும் பண்ண தப்பு ஒண்ணுதான். மண் எங்க விழுதோ அங்க போய்ச் சுவர் கட்டினோம். தண்ணி எங்க இருந்து வருதுன்னு யாரும் பாக்கல. இந்த எபிசோடு முழுக்க அதைப் பத்தித்தான்.

சரிவில் வீடு இருக்கிறவங்க நம்மில் கொஞ்சப் பேர்தான். ஆனா ஊட்டியிலயோ ஏற்காட்டிலயோ ஒரு சின்ன இடம் வாங்கணும்னு கனவு காண்றவங்க நிறைய. அப்பா அம்மா அப்படி ஒரு இடம் வாங்கி வெச்சிருக்கலாம். அவங்க எல்லாருக்கும் இது.

அந்தச் சுவர் ஏன் சாய்ந்தது?

மறுநாள் கிளம்பிப் போனேன். சித்தி அங்கே கருங்கல் கட்டு வேலை செய்யும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டிருந்தாங்க. நாற்பது வருஷமா மலையிலேயே கல் அடுக்கிறவர். அவர் சுவரைத் தொட்டுக்கூடப் பாக்கல. என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, மழை பெய்யும்போது யாராச்சும் இங்க நின்னு பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்கய்யா. மழை பெஞ்சா எல்லாரும் உள்ள போயிடுவோம்."

"அப்புறம் எப்படித் தெரியும்?" அப்படின்னு சிரிச்சார்.

அவர் காட்டின பிறகுதான் எங்களுக்குப் புரிஞ்சுது. வீட்டுக் கூரையில் விழும் தண்ணீர் எல்லாம் ஒரே பைப் வழியா வந்து, தோட்டத்தின் மேல் மூலையில் கொட்டுது. அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கி, நேரா சுவருக்குப் பின்னாடி போய் நிக்குது. சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்ல. 'துளை விட்டா அழகா இருக்காது, பாசி வழியும்'னு அப்போ முடிவு பண்ணியிருக்காங்க.

இங்க ஒரு சின்னக் கணக்கு. ரெண்டு மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னாடி தண்ணீர் மேல்வரைக்கும் தேங்கினா, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2 டன் எடைக்குச் சமமான விசை தள்ளும். சித்தப்பா கட்டின சுவர் எட்டு மீட்டர் நீளம். அப்போ 16 டன். இது தண்ணீர் மட்டும் தள்ளுறது. மண் தள்ளுறது தனி. இன்னொரு விஷயம்: உயரம் ரெண்டு மடங்கானா இந்த விசை நாலு மடங்காகும். ஒரு மீட்டர் சுவருக்கு அரை டன்தான். அதனாலதான் சரிவில் ஒரு பெரிய சுவரைவிட, தள்ளித் தள்ளி ரெண்டு மூணு குட்டைச் சுவர் பாதுகாப்பு.

ஒரு மழைத்துளி என்ன செய்யும்?

மண் அரிப்புன்னா ஓடுற தண்ணி மண்ணை இழுத்துட்டுப் போறதுன்னு நினைப்போம். அது ரெண்டாவது கட்டம். முதல் கட்டம் துளி விழும்போதே தொடங்கிடுது.

பெரிய மழைத்துளி ஒன்று தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 9 மீட்டர். அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். வெறும் மண்ணில் அந்த வேகத்தில் விழுந்தா மண் கட்டி உடைஞ்சு தூளாகும். அந்தத் தூள் மண்ணில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளை அடைச்சிடும். மேல்பக்கம் ஒரு மெல்லிய ஓடு மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே ஓட ஆரம்பிக்கும்.

முதலில் ஒரு மெல்லிய படலமா ஓடும். கண்ணுக்கே தெரியாது. ஆனா இந்தக் கட்டத்திலேயே நல்ல மேல்மண் போயிடுது. அப்புறம் விரல் அளவுக்குச் சின்னச் சின்னக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் ஒன்று சேர்ந்தா வாய்க்கால். வாய்க்கால் ஆழமானா பள்ளம். கோடு அளவில் இருக்கும்போது ஒரு மண்வெட்டியும் அரை நாள் வேலையும் போதும். பள்ளம் ஆயிட்டா லட்சக்கணக்கில் செலவு.

இதில் எல்லாமே வேகத்தைப் பொறுத்தது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. ஸ்கூல் பிசிக்ஸ்தான். மெதுவா நடந்து போற தண்ணி மண்ணைத் தொட்டுட்டுப் போகும், ஓடுற தண்ணி மண்ணைத் தூக்கிட்டுப் போகும். அதனால சரிவில் நாம செய்யுற எல்லா வேலைக்கும் நோக்கம் ஒண்ணுதான்: தண்ணீரை ஓரிடத்தில் சேர விடக்கூடாது, சேர்ந்தால் வேகம் எடுக்க விடக்கூடாது.

முதல் வேலை: குடை எடுத்துக்கிட்டு நடக்கிறது

பெரியவர் சொன்னபடி அடுத்த மழைக்கு நானும் சித்தியும் குடை, ரப்பர் செருப்போட வெளியே இறங்கினோம். சித்தப்பா ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தார். ஒரு பேப்பரில் வீட்டின் வரைபடம் போட்டு, எங்கெல்லாம் தண்ணி வருதோ அங்கெல்லாம் அம்புக்குறி போட்டோம்.

அரை மணி நேரத்தில் நாலு இடம் தெரிஞ்சுது. ஒன்று, கூரைப் பைப். ரெண்டு, கார் நிறுத்தப் போட்ட சிமென்ட் தளம். மூணு, மேலே இருக்கிற ரோட்டின் வளைவில் இருந்து எங்க கேட்டுக்குள்ள வரும் தண்ணி. நாலாவதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஏரி நல்லாத் தெரியணும்னு சித்தப்பா வீடு வாங்கின புதுசில் வெட்டின ரெண்டு மரத்தோட இடம். அங்க மண் உள்வாங்கியிருந்துச்சு.

மரத்தை வெட்டின அன்னைக்குச் சரிவுக்கு ஒண்ணும் ஆகாது. வேர் மண்ணுக்குள்ள அப்படியே இருக்கும். அது மக்கி வலுவிழக்கச் சில வருஷம் ஆகும். அதனாலதான் வெட்டினதுக்கும் சரிஞ்சதுக்கும் இருக்கிற தொடர்பு நிறையப் பேருக்குத் தெரியாமலே போயிடுது. சித்தப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு நானும் சித்தியும் யோசிச்சுட்டு இருந்தோம். அவரே வந்து பாத்துட்டு, "என் மரம்தானா?"ன்னு கேட்டார். "மரம் மட்டும் இல்ல சித்தப்பா, எல்லாம் சேர்ந்துதான்"னு சொன்னேன். அது உண்மையும்கூட.

இன்னொரு சோதனையும் பண்ணுங்க. ஒரு கண்ணாடி பாட்டிலில், உங்க இடத்தை விட்டு வெளியே போற தண்ணியைப் பிடிச்சு ஒரு ராத்திரி அப்படியே வையுங்க. காலையில் அடியில் எவ்வளவு மண் படிஞ்சிருக்குன்னு பாருங்க. தேதி எழுதி வையுங்க. வேலை எல்லாம் முடிஞ்சு அடுத்த வருஷம் இதே மாதிரி ஒரு பாட்டில் எடுத்துப் பக்கத்தில் வெச்சுப் பாத்தா, செஞ்ச வேலை பலிச்சுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

மேலிருந்து தொடங்குங்கள்: கூரை

சித்தப்பா வீட்டுக் கூரை 1,200 சதுர அடி. அதாவது சுமார் 111 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தா ஒரு லிட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தா அந்தக் கூரையில் மட்டும் 11,000 லிட்டர். சென்னைக்காரங்களுக்குச் சொல்றேன், கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணி லாரி. வடகிழக்குப் பருவமழையில் மலையில் அப்படி ஒரு நாள் வருவது அதிசயம் இல்ல. அந்த லாரித் தண்ணி மொத்தத்தையும் நாம ஒரே பைப் வழியா ஒரே மூலையில் கொட்டிட்டு இருந்திருக்கோம்.

செஞ்சது இதுதான். கூரை ஓரத்தில் தகரக் கால்வாய் வெச்சு, தண்ணியை ரெண்டு பக்கமா பிரிச்சோம். ஒரு பக்கம் வர்றது டேங்க்குக்குப் போகுது, தோட்டத்துக்கும் பாத்ரூமுக்கும் ஆகுது. டேங்க் நிறைஞ்சு வழியுற தண்ணியும், இன்னொரு பக்கத்துத் தண்ணியும் மூடின பைப் வழியா சரிவைத் தாண்டிக் கீழே கல் வாய்க்காலுக்குப் போகுது. வெறும் மண் மேல ஒரு சொட்டுக்கூட கொட்டுறது இல்ல.

கார் தளத்தில் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய் வெட்டி மேலே இரும்புக் கம்பி வலை போட்டோம். கேட்டுக்கு வெளியே, ரோட்டுத் தண்ணி உள்ளே திரும்பாம இருக்க ஒரு சின்ன மேடு. இந்த மேடு போடும்போது பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட முதலில் பேசிட்டோம். நம்ம பக்கம் தடுத்த தண்ணி அவர் பக்கம் போயிடக் கூடாது இல்லையா? சரிவில் அக்கம்பக்கம்னா மேல்வீடு, கீழ்வீடுதான். மேல்வீட்டுக்காரர் செய்றது எல்லாம் கீழ்வீட்டுக்கு வந்து சேரும்.

மழைநீர் சேகரிப்புக் குழி: ஊரில் சரி, சரிவில்?

இங்கதான் நம்ம மாதிரி சிட்டிக்காரங்க மாட்டிக்குவோம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சென்னையில் வளர்ந்த எனக்கு, மழைத் தண்ணின்னா அதை மண்ணுக்குள்ள இறக்கணும். சின்ன வயசில் இருந்து கேட்டது அதுதான்.

நான் பெரியவர்கிட்ட ரொம்ப ஆர்வமா, "இங்க ஒரு பெரிய குழி தோண்டி எல்லாத் தண்ணியையும் உள்ள விட்டுடலாமா?"ன்னு கேட்டேன். அவர், "ஏற்கெனவே அதைத்தானே தம்பி பண்ணியிருக்கீங்க?"ன்னார்.

சமவெளியில் மண்ணுக்குள் போன தண்ணி கீழே இறங்கி நிலத்தடி நீரோட சேரும். செங்குத்தான சரிவில், மேல்மண் கொஞ்சம், அதுக்குக் கீழே பாறை. இறங்குற தண்ணி பாறையில் முட்டி, பாறை மேலேயே பக்கவாட்டில் சரிவோட போகும். மேல்மண் கனமாகும், மண் துகள்களுக்கு நடுவே தண்ணியின் அழுத்தம் கூடும், மண்ணுக்கும் பாறைக்கும் இருந்த பிடிப்பு குறையும். ஒரு கட்டத்தில் மொத்தமா வழுக்கிக்கிட்டு இறங்கிடும். நிலச்சரிவு பெரும்பாலும் இப்படித்தான் நடக்குது.

அதனால சரிவில் விதி இது: வெட்டின மண் விளிம்புக்கு மேலேயோ தாங்கு சுவருக்குப் பின்னாலேயோ ஊறவைக்கும் குழி வேண்டாம். சேகரிக்கணும்னா டேங்க்கில் சேகரிங்க. மண்ணுக்குள் இறக்கியே ஆகணும்னா சரிவு மென்மையா, மண் ஆழமா இருக்கிற இடத்தைப் பாருங்க. செப்டிக் டேங்க் வழிவும் இதே கதைதான். அதுவும் தண்ணிதான், அது வருஷம் முழுக்க ஊறிக்கிட்டே இருக்கும்.

சரிவை உடைப்பது

நீளமான ஒரே சரிவில் தண்ணி மேலிருந்து கீழே வரும்போது வேகம் கூடிக்கிட்டே போகும். அந்த நீளத்தை நடுவில் உடைக்கணும். மலையில் விவசாயம் பண்றவங்க காலங்காலமா படி படியா வெட்டி வெச்சிருக்கிறது இதுக்குத்தான்.

வீட்டுத் தோட்டத்தில் பெரிய படி வெட்ட வேண்டியதில்லை. மண்ணை எவ்வளவு குறைவா வெட்டுறோமோ அவ்வளவு நல்லது. நாங்க பண்ணது, சரிவின் குறுக்கே மூணு வரிசை கல் வாய்க்கால். ஒவ்வொண்ணும் ஒரு அடி அகலம். ஏறக்குறைய சம உயரத்தில் போகும், ஆனா முழுசா சமமா இருக்காது. நூறு அடிக்கு ஒரு அடி இறக்கம். தண்ணி நிக்கவும் நிக்காது, ஓடவும் ஓடாது.

சம உயரம் பாக்க லேசர் கருவி எல்லாம் வேண்டாம். கொத்தனார்கள் வெச்சிருக்கும் தண்ணி டியூப் போதும். ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணி நிரப்பி ரெண்டு முனையையும் தூக்கிப் பிடிச்சா, ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்தில் நிக்கும். சித்தி ஒரு முனை, நான் ஒரு முனை. சித்தப்பா சுண்ணாம்புத் தூள் எடுத்துக் கோடு போட்டார். அந்த ராத்திரிக்கு அப்புறம் அவர் வெளியே வந்து வேலை பாத்தது அன்னைக்குத்தான்.

மூணு வாய்க்காலும் ஓரமா இருக்கிற ஒரு படிக்கட்டு வாய்க்காலில் சேரும். பேர் மாதிரியேதான், படிக்கட்டு மாதிரி கருங்கல் வெச்சது. ஒவ்வொரு படியிலும் தண்ணி விழுந்து, சிதறி, வேகத்தை இழந்துதான் அடுத்த படிக்குப் போகும். அடியில் ஒரு வண்டல் குழி. வர்ற மண் அங்க படியும். மழைக்காலத்தில் மாசத்துக்கு ஒரு தடவை அதை அள்ளித் திரும்ப மேலே தோட்டத்தில் போட்டுடுவாங்க.

வேர் பிடிக்கட்டும்

கல் தண்ணியை வழிநடத்தும். மண்ணைப் பிடிச்சு வைக்கிறது வேர்.

மண் அரிப்புக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் புல் ஒன்று உண்டு. இங்கிலீஷில் வெட்டிவர். அது நம்ம வெட்டிவேர்தான், பேரே தமிழிலிருந்து போனது. 1980-களில் இந்தியாவில் வேலை செய்த உலக வங்கி நிபுணர்கள் ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் அதை மண் பாதுகாப்புக்காகப் பெரிய அளவில் முன்வைத்தார்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகும். நல்ல மண்ணில் மூணு மீட்டர் ஆழம்கூடப் போகும். சரிவின் குறுக்கே நெருக்கமா ஒரு வரிசை நட்டா, சில பருவத்தில் ஒரு உயிருள்ள வேலி ஆயிடும். தண்ணி வடிகட்டிப் போகும், மண் பின்னாடி தங்கும்.

ஆனா அதுக்கு வெயில் வேணும். நிழலில் சரியா வராது, கடுங்குளிரில் வளர்ச்சி மந்தமாகும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கு. அதனால நாங்க வெயில் படும் ஒரு வரிசையில் மட்டும் வெட்டிவேர் வெச்சோம். மத்த இடத்தில் அங்கேயே நல்லா வளர்றதா பாத்து வெச்சோம்: தரையை மூடும் புல், கொத்துக் கொத்தா வளரும் அகபாந்தஸ், அப்புறம் குறிஞ்சிச் செடி. ஆமா, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற அதே குறிஞ்சி. பழனி மலையின் புல்வெளிச் சரிவுகள்தான் அதன் சொந்த வீடு. 2018-ல் பூத்தது, அடுத்து 2030. சித்தி இப்பவே நாள் எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

நட்ட புதுசில் வேர் இருக்காது, அந்த முதல் மழைக்காலம்தான் ஆபத்து. அதுக்குத் தேங்காய் நார்ப் பாய் இருக்கு. பொள்ளாச்சிப் பக்கம் நிறைய கிடைக்கும். சரிவில் விரிச்சு மூங்கில் ஆப்பு அடிச்சு, நடுவில் ஓட்டை போட்டுச் செடி நடணும். துளி நேரடியா மண்ணில் அடிக்காது. வேர் பிடிக்கிற வரைக்கும் தாங்கிட்டு, அப்புறம் தானே மக்கி மண்ணாயிடும்.

கல் வேலை, மண் வேலை எல்லாத்தையும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் முடிங்க. நடவு கோடை மழையோட. அக்டோபர் வரும்போது செடிக்குச் சில மாச வேர் இருக்கணும். செப்டம்பரில் மண்ணை வெட்டித் திறந்து போட்டா, நீங்களே வம்பை விலைக்கு வாங்குற மாதிரி.

சுவர் வேணும்னா எப்படி?

சாஞ்ச சுவரை இடிச்சோம். அதே இடத்தில் ரெண்டு மீட்டர் சுவர் திரும்பக் கட்டல. ஒரு மீட்டர் உயரத்தில் ரெண்டு கல் கட்டு, நடுவில் நல்ல இடைவெளி விட்டு. மேல்சுவரின் எடை கீழ்ச்சுவர் மேல ஏறாம இருக்க அந்த இடைவெளி முக்கியம். சுவருக்குப் பின்னாடி ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணியை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, ஜல்லிக்கு அடியில் துளை போட்ட பைப். சுவரில் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஒரு துளை. பாசி வழியுது. வழியட்டும்.

ஒரு மீட்டருக்கு மேல் சுவர் வேணும்னாலோ, வீட்டு அஸ்திவாரம் பக்கத்தில் இருந்தாலோ யூடியூப் பாத்துக் கட்டாதீங்க. இந்த எபிசோடைக் கேட்டும் கட்டாதீங்க. மண்ணைப் பரிசோதிச்சு டிசைன் பண்ற இன்ஜினியர் வேணும். மலைப்பகுதியில் மண் வெட்டுறதுக்கும் கட்டுறதுக்கும், அதுவும் ஏரிக்கரையில், அனுமதி விதிகள் தனி. உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுடுங்க.

ஏரிக்கு என்ன கணக்கு?

'மண்ணு கீழ ஏரிக்குத்தானே போகுது, போகட்டுமே' அப்படின்னு தோணலாம்.

கொடைக்கானல் ஏரி இயற்கையா உருவானது இல்ல. 1863-ல் வேர் ஹென்றி லெவிஞ்ச், மதுரை கலெக்டரா இருந்தவர், ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உருவாக்கினது. சுமார் 60 ஏக்கர். சுத்தி இருக்கிற சரிவெல்லாம் அதை நோக்கித்தான் இறங்குது. வழியுற தண்ணிதான் மலைப்பாதையில் எல்லாரும் நின்னு செல்ஃபி எடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி. தண்ணி வழிஞ்சு போயிடும், மண் போகாது. அடியில் தங்கிடும். வருஷா வருஷம் ஆழம் குறையும்.

மண்ணோட பாஸ்பரஸும் வரும். அது மண் துகளோட ஒட்டிக்கிட்டுப் பயணம் செய்யும் சத்து. ரோஜாவுக்குப் போட்ட உரம் ஏரியில் பாசிக்கும் களைக்கும் உரமாகும். பாசி மக்கும்போது தண்ணியில் இருக்கிற ஆக்சிஜன் குறையும், மீனுக்கு மூச்சு முட்டும்.

அதனால கடைசி வாய்க்காலைப் பைப் போட்டு நேரா தண்ணிக்குள்ள விடாதீங்க. பைப் முனையில் பாயுற தண்ணி கரையையே குடைஞ்சிடும். முனையில் கல் பரப்பி, அதுக்குக் கீழே சில மீட்டராவது வெட்டாத புல்லும் புதரும் விடுங்க. பாக்க ஒழுங்கா இருக்காது. சித்தப்பாவுக்கு முதலில் பிடிக்கல, 'காடு மாதிரி இருக்கு'ன்னார். அந்தக் காடுதான் கடைசி வடிகட்டி.

எப்போது வீட்டை விட்டு வெளியேற வேண்டும்?

இது கொஞ்சம் சீரியஸான பகுதி. வாய்க்கால், புல், கல் கட்டு எல்லாம் மேல்மண் அரிப்புக்கு. மொத்தச் சரிவே நகர ஆரம்பிச்சா இதில் எதுவும் தாங்காது. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிஞ்சு 7 பேர் இறந்தாங்க. அதில் குழந்தைகளும் இருந்தாங்க.

இந்த அறிகுறிகளை மனசில் வெச்சுக்கோங்க: சரிவின் குறுக்கே தரையில் புதுசா விரிசல். நேரா நின்ன மரமோ கரன்ட் கம்பமோ சாயுறது. நல்லா மூடிட்டு இருந்த கதவு, ஜன்னல் திடீர்னு இறுகுறது. இதுவரை தண்ணி வராத இடத்தில் ஊற்று மாதிரி வர்றது. தெளிவா வந்த தண்ணி திடீர்னு சேறா மாறுறது. பெருமழை நேரத்தில் இதில் ஒன்றைப் பாத்தாலும் டார்ச் எடுத்துக்கிட்டுப் பாக்கப் போகாதீங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு, சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போயிடுங்க. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

அன்னைக்கு ராத்திரி சித்தப்பா டார்ச்சோட சுவருக்குக் கீழே போய் நின்னிருக்கார். சுவர் அந்த நேரத்தில் முழுசா விழல, அவ்வளவுதான். அதை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு கலங்குது.

இப்போ எப்படி இருக்கு?

ரெண்டு மழைக்காலம் கடந்தாச்சு. மொத்தச் செலவு அந்த முதல் சுவருக்கு ஆனதைவிடக் குறைவுதான். எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மேற்கு மூலையில் இன்னும் கொஞ்சம் மண் இறங்குது, அங்க நிழல் அதிகம், செடி சரியாப் பிடிக்கல. மரம் இருந்த இடத்தில் ரெண்டு நாவல் கன்று வெச்சிருக்காங்க. அது வளர்ந்தா ஏரி கொஞ்சம் மறையும். நட்டது சித்தப்பாதான்.

போன நவம்பரில் ஒரு நாள் ராத்திரி சித்தி நம்பர் வந்ததும் எனக்குப் பகீர்னு ஆச்சு. எடுத்தா சித்தப்பா. "டேய், மூணு மணி நேரமா மழை. கீழ வாய்க்கால்ல வர்ற தண்ணியைக் காலையில பாட்டில்ல பிடிச்சு வைக்கிறேன். போன வருஷ பாட்டில் எங்க வெச்சேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

சமையல் ரூம் ஜன்னல் மேல இருக்குன்னு சொன்னேன்.

உங்க வீடு சரிவில் இருந்தா, அடுத்த மழைக்குக் குடையோட ஒரு நடை நடந்து பாருங்க. இடி மின்னல் இருந்தா வேண்டாம், சாதா மழைக்கு. சாஞ்சு நிக்கிற சுவருக்குக் கீழே மட்டும் போகாதீங்க. அம்புக்குறி போட்ட வரைபடத்தையும் ரெண்டு பாட்டில் படத்தையும் எங்களுக்கு அனுப்புங்க, இன்னொரு எபிசோடில் பேசுவோம்.